மோடெனாவின் பாரம்பரிய பால்சாமிக் வினிகர்: இரண்டு குப்பிகளைப் பற்றிய மதிப்பீடு

இத்தாலியின் எமிலியா-ரொமாஞா வட்டாரத்தில் உள்ள மோடெனாவில் இலையுதிர் காலத்தின் ஆறு வாரங்கள் தங்கியிருந்தபோது, நகருக்கு வெளியே ஒரு குடும்பம் தன் வீட்டுப் பரணில் நடத்திவரும் வினிகர்க் கூடத்திலிருந்து இரண்டு குப்பிகள் வாங்கினேன். ஒன்று, குறைந்தது 12 ஆண்டுகள் முதிர்ந்த ‘அஃபினாதோ’; அதற்கு 50 யூரோ கொடுத்தேன். மற்றொன்று, குறைந்தது 25 ஆண்டுகள் முதிர்ந்த ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’. அது 95 யூரோ. ஒவ்வொன்றிலும் இருப்பது 100 மில்லிதான். இந்த விலைக்கு இது தகுமா என்ற கேள்விக்கு, தங்கியிருந்த வீட்டின் சமையலறையில் நாள்தோறும் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகே என்னால் விடை சொல்ல முடிந்தது.

முதலில் இது என்ன பொருள் என்பதைத் தெளிவாக்க வேண்டும். இத்தாலியில் வழக்கமான வினிகர் திராட்சை மதுவைப் புளிக்க வைத்துப் பெறப்படுவது. மோடெனாவின் பாரம்பரிய வகைக்கு மது தேவையில்லை. பெரும்பாலும் த்ரெப்பியானோ, லம்ப்ருஸ்கோ இனத் திராட்சைகளைப் பிழிந்து, அந்தச் சாற்றைத் திறந்த கொப்பரையில் பல மணி நேரம் காய்ச்சிச் சுண்ட வைக்கிறார்கள். பிறகு அதில் வேறெதுவும் சேர்க்கப்படுவதில்லை. ஈஸ்ட் நுண்ணுயிரிகள் சர்க்கரையைச் சாராயமாக்க, பாக்டீரியாக்கள் அந்தச் சாராயத்தை அமிலமாக்க, எஞ்சிய வேலையைக் காலமும் மரமும் செய்கின்றன. அதனால்தான் நாவில் முதலில் இனிப்பும் அதன் பின்னால் புளிப்பும் வருகின்றன.

நான் சென்ற கூடத்தின் பரணில் பீப்பாய்கள் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகக் கிடந்தன. இத்தகைய வரிசையை அங்கே ‘பத்தேரியா’ என்கிறார்கள். ஓக், செஸ்நட், செர்ரி, முசுக்கொட்டை, ஜூனிப்பர் என ஒவ்வொரு பீப்பாயும் வெவ்வேறு மரத்தால் ஆனது. மேலே உள்ள திறப்பைத் துணியால் மட்டும் மூடியிருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆகச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுக்கிறார்கள். அதில் குறைந்ததை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்பி, அதன் குறையை அதற்கடுத்ததிலிருந்து நிரப்பி, இறுதியில் ஆகப் பெரிய பீப்பாயில் அந்த ஆண்டு காய்ச்சிய புதுச் சாற்றை ஊற்றுகிறார்கள். ஆகவே ஒரு குப்பிக்குள் இருப்பது பல ஆண்டுகளின் கலவை. குப்பியின் மேல் அறுவடை ஆண்டு எதையும் நான் காணாததற்கும் இதுவே காரணம் என்று புரிந்துகொண்டேன். நிலவறையை விட்டுவிட்டுப் பரணைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. போ சமவெளியின் கடும் கோடையில் கூரைக்கடியில் ஏறும் வெப்பம் நீரை ஆவியாக்கிச் சாற்றை அடர்த்தியாக்குகிறது. குளிர்காலத்தில் நொதித்தல் அடங்கி வண்டல் கீழே படிகிறது. ஆண்டுதோறும் இவ்வளவு ஆவியாகிப் போகும்போது மிஞ்சுவது எத்தனை சொற்பம் என்பதைக் கண்ணால் பார்த்தபின் விலையைப் பற்றிய என் மனத்தாங்கல் குறைந்தது. பெண் குழந்தை பிறந்தால் ஒரு பத்தேரியாவைத் தொடங்கி, திருமணத்தின்போது சீராகக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பகுதிக் குடும்பங்களில் இருந்தது என்பதை அந்த வீட்டு மூதாட்டி, தன் பெயர் எழுதிய சிறு பீப்பாயைத் தொட்டுக் காட்டியபடி சொன்னார். அங்கே நின்ற அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி சுவை. உலோகக் கரண்டியைத் தவிர்த்துப் பீங்கான் கரண்டியில் சில துளிகள் விட்டுச் சுவைத்தேன். அஃபினாதோ கரும்பழுப்பு நிறத்தில் பாகு போல மெல்ல வழிகிறது. உலர்ந்த பிளம்ஸ் பழமும் செர்ரியும் கலந்த வாசனை. நாவின் ஓரங்களில் நன்றாக உணரக்கூடிய புளிப்பு. எக்ஸ்ட்ராவெக்கியோ அதைவிட அடர்த்தியானது, குப்பியைச் சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. புளிப்பு உள்ளொடுங்கி, ஜூனிப்பர் மரத்தின் பிசின் மணமும் அதிமதுரம் போன்ற ஒரு சாயலும் விழுங்கிய பின்னும் நெடுநேரம் நிற்கின்றன. தனியாகச் சுவைக்கும்போது மூத்ததே உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

உணவோடு சேரும்போது என் தீர்ப்பு மாறியது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கத்தியால் சில்லுகளாகப் பெயர்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி விடுவது மோடெனாக்காரர்களின் வழக்கம். பாலாடைக்கட்டியின் உப்பையும் கொழுப்பையும் எதிர்கொள்ளப் புளிப்பு வேண்டும். 12 ஆண்டுக் குப்பியில் அது இருந்தது, 25 ஆண்டுக் குப்பியில் இனிப்பே மேலோங்கி நின்றது. முட்டையும் வெங்காயமும் சேர்த்துச் செய்யும் ஃப்ரித்தாத்தாவிலும், அடுப்பிலிருந்து இறக்கிய ரிசொத்தோ என்ற அரிசி உணவிலும் அஃபினாதோவே பொருந்தியது. இதைச் சமைக்கக் கூடாது, தட்டுக்கு வந்தபின்தான் விட வேண்டும் என்று அந்த வீட்டில் அழுத்திச் சொன்னார்கள். ஒருமுறை கேட்காமல் வாணலியில் விட்டு வாசனை முழுவதையும் இழந்தேன். எக்ஸ்ட்ராவெக்கியோ தன் இடத்தைக் கண்டது வெறும் பால், முட்டை மஞ்சள்கருவால் ஆன ஜெலாத்தோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமின் மேல். அதற்கு இணையாக ஒன்றை அந்த ஆறு வாரங்களில் நான் உண்ணவில்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது பெயரில் உள்ள ஒரு சொல்லை. ‘திராதிசியோனாலே’ (பாரம்பரிய) என்ற சொல்லும், 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அளித்த டி.ஓ.பி. (பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர்) முத்திரையும் இருந்தால்தான் நான் மேலே விவரித்த பொருள். அந்தச் சொல் இல்லாமல் ‘மோடெனா பால்சாமிக்’ என்று மட்டும் இருந்தால், அது 2009-இல் ஐ.ஜி.பி. (பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு) தகுதி பெற்ற வேறு வகை: திராட்சைச் சாற்றோடு மது வினிகர் கலந்தது, நிறத்துக்காக 2 விழுக்காடு வரை கருக்கிய சர்க்கரை சேர்க்கலாம், குறைந்தபட்சம் 60 நாள் வைத்திருந்தால் போதும். அதுவும் நேர்மையான பொருள்தான், சாலடுக்கு அதையே வாங்க வேண்டும். ஆனால் நகரில் ஒரு பரிசுப்பொருள் கடையில், ஐ.ஜி.பி. வகையை மரப்பெட்டியில் வைத்து, மேலே பெரிய எண் ஒன்றைப் பொறித்து, அது முதிர்ந்த ஆண்டுகளைக் குறிப்பதாக எண்ண வைத்து 30 யூரோவுக்கு என்னிடம் விற்றார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம். குப்பியின் வடிவமே உண்மையைச் சொல்லிவிடும்: மோடெனாவின் பாரம்பரிய வகை, கார் வடிவமைப்பாளர் ஜியோர்ஜெத்தோ ஜியூஜாரோ வடிவமைத்த, செவ்வகக் கண்ணாடி அடித்தளத்தின் மேல் உருண்டை அமர்ந்த குப்பியில் மட்டுமே வரும். பயிற்சி பெற்ற சுவைஞர் குழு பெயர் தெரியாமல் சுவைத்து மதிப்பெண் அளித்த பின்னரே அது நிரப்பப்படுகிறது. அண்டை மாவட்டமான ரெஜ்ஜோ எமிலியாவுக்குத் தனி டி.ஓ.பி.யும் தனிக் குப்பியும் உண்டு.

குறை ஒன்று உண்டு. பெட்டியோடு தரும் ஊற்றுமூடி சில நாட்களில் பிசுபிசுத்து அடைத்துக்கொள்கிறது. வெந்நீரில் கழுவி, முழுக்க உலர்த்தித்தான் மீண்டும் பொருத்த முடிந்தது.

முதன்முறையாக வாங்குபவர் அஃபினாதோவை வாங்கட்டும். உணவுக்குப் பின் ஒரு கரண்டி மட்டும் தனியாகச் சுவைக்க விரும்புவோருக்கும் அன்பளிப்பாகத் தருவோருக்கும் எக்ஸ்ட்ராவெக்கியோ தகும். ஆறு வாரங்கள் முடிந்து புறப்பட்டபோது மூத்த குப்பியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. இளைய குப்பி காலி.