நாகர்கோவிலில் இருந்து கோல்ஃப் போட்டிக்கு: கிளப்பா, டூரா, ஓப்பனா?

குமரி மாவட்டத்துக்குள் 18 ஹோல் (குழி) கொண்ட கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் கோல்ஃப் ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களில் சிலர் அங்கேயே பழகியவர்கள். நானும் அப்படித்தான். நான் கற்றுக்கொண்டது மணல் மைதானத்தில். கையில் ஒரு செயற்கைப் புல் துண்டு எப்போதும் இருக்கும். பந்து ஃபேர்வேயில், அதாவது குழியை நோக்கிப் போகும் ஆடுபாதையில், கிடந்தால் அதை எடுத்துப் புல் துண்டின்மேல் வைத்து அடிக்கலாம். கிரீன், அதாவது குழியைச் சுற்றிய மென்புல் பகுதி, இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல் இருக்கும், அதற்குப் பிரவுன் என்று பெயர். குழியை நோக்கிப் பந்தை உருட்டும் புட் முடிந்ததும் காலடித் தடம் மறையும்படி இழுத்துச் சமன் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஊருக்கு வந்து முதல்முறை நிஜப் புல்லில் ஆடியபோது, பந்து புல்லுக்குள் அமிழ்ந்து கிடப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன்.

ஊரில் செட்டில் ஆன பிறகு போட்டியில் ஆட வேண்டும் என்றால் என்ன வழி? மூன்று வழிகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு கிளப்பில் உறுப்பினராகி அங்கே நடக்கும் மாதப் போட்டிகளில் ஆடுவது ஒன்று. மைதானம் மைதானமாகப் போய் நடத்தப்படும் அமெச்சூர் (தொழில்முறை அல்லாதவர்களுக்கான) டூரில் சேருவது இன்னொன்று. வெளியாட்களும் ஆடக்கூடிய ஓப்பன் போட்டிகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டுக்கு மட்டும் பெயர் கொடுப்பது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். குமரிக்காரனுக்கு உண்மையான செலவு பயண நாட்கள்.

தூரத்தை முதலில் பார்ப்போம். திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள கோல்ஃப் கிளப் நாகர்கோவிலில் இருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் ஒரு ரவுண்டு முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். 9 ஹோல்தான், 18 ஆட இரண்டு சுற்று போக வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் காலத்து மைதானம். நம் மாவட்டமே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்தோடு இருந்ததுதானே, அங்கே போகும்போது வேறு ஊருக்குப் போகிற உணர்வு எனக்கு வருவதில்லை. பை சுமந்து உதவும் கேடி மலையாளத்தில் தூரம் சொல்வார், நான் தமிழில் கிளப் (மட்டை) கேட்பேன், இரண்டு பேருக்கும் புரியும்.

டூர் என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டுக்குள் சுற்றுகிற டூர் பெரும்பாலும் கோவை செட்டிப்பாளையம், கொடைக்கானல், சென்னை நந்தனம் போன்ற இடங்களைத்தான் நம்பியிருக்கும். கோவைக்கு இரவு ரயில் இருக்கிறது. காலையில் இறங்கி, ஆடி, மறுபடி இரவு ரயில் ஏறினால் ஒரு பகலும் இரண்டு இரவும் போகும். கொடைக்கானல் என்றால் மதுரை போய், வத்தலக்குண்டு வழியாக மலை ஏற வேண்டும், முந்தின நாளே அங்கே தங்கினால்தான் காலை டீ டைமுக்கு, அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு, உடம்பு ஒத்துழைக்கும். சென்னைக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர், 2024 ஆகஸ்டு கடைசியில் இருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் ஓடுவதால் கொஞ்சம் சுலபம், ஆனாலும் மூன்று நாள் விடுப்பு வேண்டும். வருடத்தில் ஆறு போட்டி ஆடினால் எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிய அன்று என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள், அதனால் கணக்கு சரியாகவே வந்தது.

சரி, இவ்வளவு அலைந்து டூரில் ஏன் ஆட வேண்டும்? ஆட வேண்டியதற்கு நல்ல காரணம் இருக்கிறது. டூரில் ஹேண்டிகேப் (ஆடும் தரத்தைப் பொறுத்து ஸ்கோரில் கழித்துக்கொள்ளத் தரும் அடிகள்) வாரியாகப் பிரிப்பார்கள், அந்தப் பிரிவுக்கு ஃப்ளைட் என்று பெயர். ஏறக்குறைய உங்கள் தரத்தில் உள்ளவர்களோடுதான் மோதுவீர்கள். பல டூர்களில் ஃப்ளைட்டுக்குள் கழிவு கிடையாது, அடித்த அடி அத்தனையும் எண்ணிக்கையில் வரும். கிளப்பில் நண்பர்களோடு ஆடும்போது குழியில் இருந்து ஒரு முழம் தள்ளிக் கிடக்கும் பந்தை ‘எடுத்துக்கோ’ என்று சொல்லிவிடுவோம். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயில் அது கிடையாது, பந்து குழிக்குள் விழுந்தால்தான் ஹோல் முடிந்தது. முதல் டூர் போட்டியில் நான் தவறவிட்ட புட்டுகளில் நான்கு, கிளப்பில் யாரும் என்னை அடிக்கவே விட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு முழத்தை அடிக்கப் பழகியது டூரில்தான்.

கிளப் போட்டிகள் பல ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் நடக்கும். உங்கள் ஹேண்டிகேப்புக்கு உரிய அடிகளைக் கழித்தபின் பார் (அந்த ஹோலுக்கு நிர்ணயித்த அடிகள்) எடுத்தால் 2 புள்ளி, ஒரு அடி கூடினால் (போகி) 1, ஒரு அடி குறைந்தால் (பேர்டி) 3. ஒரு ஹோலில் சொதப்பினால் பூஜ்யம், அதோடு முடிந்தது, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலின் தொடக்கத்துக்குப் போகலாம். ஸ்ட்ரோக் ப்ளேயில் அந்தச் சொதப்பல் மாலைவரை கூட வரும். ஒரு போட்டியில் மூன்றாவது ஹோலிலேயே பங்கர் என்ற மணற்குழிக்குள் சிக்கி 9 எழுதினேன். மிச்சம் பதினைந்து ஹோலும் நன்றாக ஆடியும் அந்த ஒன்பது ஸ்கோர் கார்டில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஸ்டேபிள்ஃபோர்டில் தொடங்குவதே நல்லது. மனசு உடையாது.

எந்த வழியில் போனாலும் முதலில் கையில் இருக்க வேண்டியது முறையான ஹேண்டிகேப். வளைகுடாவில் வாங்கிய பழைய அட்டையைக் காட்டி நுழைய முடியாது, நானும் முயன்று பார்த்தவன். இந்தியாவில் அமெச்சூர் கோல்ஃபுக்குப் பொறுப்பு இந்திய கோல்ஃப் யூனியன். 2020 முதல் உலக ஹேண்டிகேப் முறை நடப்பில் இருக்கிறது. மொத்தம் 54 ஹோலுக்கு ஸ்கோர் கொடுத்தால் முதல் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் கிடைக்கும், அதன் உச்சவரம்பும் 54.0 தான். இருபது ரவுண்டு சேர்ந்தபின், கடைசி இருபதில் சிறந்த எட்டின் (மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பக் கணக்கிட்ட) சராசரிதான் உங்கள் எண். ஒவ்வொரு மைதானத்துக்கும் அதன் கடினத்தைக் காட்டும் கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்று இரண்டு எண்கள் உண்டு. அதனால் ஒரே இண்டெக்ஸுக்கு இடத்துக்கு இடம் கிடைக்கும் அடிகள் மாறும். உதாரணமாக இண்டெக்ஸ் 18.4, ஸ்லோப் 120, ரேட்டிங் 70.5, பார் 72 என்றால்: 18.4-ஐ 120-ஆல் பெருக்கி, பொதுவான ஸ்லோப்பான 113-ஆல் வகுத்து, அதில் இருந்து ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசம் 1.5 கழிக்க, 18 அடி. தனிநபர் ஸ்ட்ரோக் ப்ளேயில் இதில் 95 சதவீதம்தான் கொடுப்பார்கள், ஆக 17.

இங்கேதான் கிளப் ஜெயிக்கிறது. இந்த இருபது ஸ்கோரை 70 கிலோமீட்டரில் சேர்ப்பதா, 400 கிலோமீட்டர் போய்ச் சேர்ப்பதா? ஹேண்டிகேப் இல்லாமல் டூரில் சேர்ந்தால் உங்களை எந்த ஃப்ளைட்டில் போடுவது என்று அவர்களுக்கும் தெரியாது. உத்தேசமாக ஒன்றில் போடுவார்கள். ஒன்று நீங்கள் அடிவாங்குவீர்கள், இல்லையென்றால் முதல் போட்டியிலேயே ஜெயித்து, ஹேண்டிகேப்பை உயர்த்திக் காட்டி வந்தவர் என்ற பேச்சைக் கேட்பீர்கள். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்.

டூரில் எனக்கு ஒரு கசப்பும் உண்டு. ஒருமுறை போட்டிக்கு மூன்று நாள் முன்பு தேதியை மாற்றினார்கள். ரயில் டிக்கெட் போனது, விடுப்பு போனது, நுழைவுக் கட்டணத்தை அடுத்த போட்டிக்கு வரவு வைக்கிறோம் என்றார்கள், அந்த அடுத்த போட்டிக்கு எனக்கு நேரம் இல்லை. அதனால் பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: போட்டியை அவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, மழை வந்தால் எத்தனை ஹோல் முடிந்தால் முடிவு செல்லும், பரிசு என்ன. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2022 முதல் உள்ள அமெச்சூர் விதிப்படி ஹேண்டிகேப் கழித்து முடிவு செய்யும் போட்டியில் ரொக்கப் பரிசு வாங்கக் கூடாது. கழிவே இல்லாத ஸ்க்ராட்ச் போட்டியில் மட்டும் 700 பவுண்டு, அதாவது 1000 டாலர் மதிப்புவரை வாங்கலாம். பொருளாகக் கொடுக்கும் பரிசுக்கும் அதுதான் வரம்பு. விவரம் தெரியாமல் ஒரு கவரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டால் அமெச்சூர் தகுதியே போய்விடும்.

ஓப்பனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய அமெச்சூர் சாம்பியன்ஷிப்புகளில் சின்ன வயதுப் பிள்ளைகள் ஸ்க்ராட்சுக்கு, அதாவது ஹேண்டிகேப் பூஜ்யத்துக்கு, பக்கத்தில் ஆடுகிறார்கள். ஒருமுறை போய், அவர்கள் அடிப்பதைப் பார்த்ததே எனக்கு ஒரு பாடம். 18 ஹேண்டிகேப்காரன் கோப்பைக்காகப் போகிற இடம் அது இல்லை.

டூரில் சேர்ந்தால் குமரிக்காரனுக்கு ஒரு சாதகம் உண்டு, அது காற்று. செட்டிப்பாளையத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது மற்றவர்கள் புல்லைக் கிள்ளி வானத்தில் விட்டுப் பார்த்துக் குழம்புவார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவனுக்கு அது பழக்கப்பட்ட விஷயம். மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். எதிர்காற்றில் நான் ஏழாம் அயர்ன் மட்டையை எடுத்தபோது, “மக்கா, இத விடு. அஞ்ச எடு, பாதி சுத்து, பந்து தாழப் போட்டும்” என்றார். பந்து இடுப்புயரத்தில் போய்க் கிரீனின் முன் ஓரத்தில் விழுந்து உருண்டது. கொடைக்கானலில் நேர்மாறு. 2,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிவு, பந்து கூடுதலாகப் பறக்கும், வழக்கத்தைவிடக் குறைந்த தூரம் போகும் கிளப்பை எடுக்க வேண்டும். அங்கே காட்டெருமைகள் ஃபேர்வேயில் மேயும், அவை நகரும்வரை பொறுமையாக நிற்க வேண்டியதுதான்.

அந்த மார்த்தாண்டத்து நண்பருக்கு இன்னும் ஹேண்டிகேப் இல்லை. இந்த வருடமே டூருக்குப் பணம் கட்டப் போகிறேன் என்று போன மாதம் சொன்னார். கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் ஆறு மாதம் கவடியாரில் ஸ்கோர் சேர்க்கட்டும், விதிகளைத் தெரிந்துகொள்ளட்டும்: காணாமல் போன பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், பையில் 14 கிளப்தான். அடுத்த சீசனில் கோவையில் நடக்கும் இரண்டு போட்டிக்கு மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுப்போம். அதுவரை மொட்டை மாடியில் வலை கட்டி அடிக்கிறார். ஞாயிறு விடியற்காலையில், கூட்டம் வருமுன், சொத்தவிளை மணலில் பங்கர் ஷாட் பழகுகிறோம். ஒவ்வொரு அடிக்கும் பறிந்த குழியை அவர் காலாலேயே மூடிவிட்டுத்தான் அடுத்த பந்தை வைக்கிறார்.