ஐப்பசி மழைக்குப் பிறகு: ஏற்காடா, மேட்டூரா, மூக்கனேரியா?

ஏற்காட்டுக்கு எப்போது போகலாம் என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் மே மாதம் என்பார்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி, பள்ளி விடுமுறை எல்லாம் அப்போதுதான். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே ஏறுவது நியாயம்தான். ஆனால் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் நிறைந்து கிடப்பது ஐப்பசிப் பிற்பாதியில் தொடங்கி கார்த்திகை முடியும் வரை என்பேன். தென்மேற்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன மண்ணில் வடகிழக்கு மழையும் சேர்ந்திருக்கும். ஓடையில் தண்ணீர் ஓடும், ஏரி தளும்பும், தீபாவளிக் கூட்டமும் வடிந்திருக்கும்.

ஆனால் மே மாதப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நவம்பரில் மலை ஏறினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது மூடுபனிக் காலம். எட்ட இருப்பது மறையும், கிட்ட இருப்பது மழையில் கழுவித் துலங்கும். அதனால் தூரத்துக் காட்சியை நம்பிப் போகிற இடங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கவும் தொடவும் எது இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்கே இந்தப் பருவம் கொடுத்து வைக்கும். கீழே உள்ள ஒப்பீடு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

லேடீஸ் சீட்டா, காபித் தோட்டமா?

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் இரண்டுமே பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கான இடங்கள். பனி இறங்கிவிட்டால் லேடீஸ் சீட்டில் நிற்பதும் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நிற்பதும் ஒன்றுதான். சேலம் விளக்குகளும் தெரியாது, மலைப்பாதை வளைவுகளும் தெரியாது. நேர்மாறான நாளும் உண்டு. இரவெல்லாம் பெய்து விடியலில் வானம் வெளுத்துவிட்டால், தூசு அடங்கிய அந்தக் காலைபோல் தெளிவான காட்சி கோடையில் ஒருபோதும் கிடைக்காது. அப்படி வாய்த்தால் முதலில் ஓடிப்போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான். அதை மட்டும் நம்பி லீவு போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஏரியில் படகு விடுவது எல்லாப் பருவத்துக்கும் பொது. தூறல் வலுத்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள். குழந்தைகள் கூட வந்தால் ஒரு சுற்று போய்விட்டு வரலாம், அவ்வளவுதான். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏறக்குறைய 300 அடி. கோடையில் வெறும் பாறையாகக் கிடப்பது இப்போது இரைச்சலோடு கொட்டும். ஆனால் இறங்கும் வழி வழுக்கும், தண்ணீர் அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

காபித் தோட்டம் அப்படியில்லை. பனி இருந்தாலும் தூறல் இருந்தாலும் அங்கே பார்ப்பதற்குக் குறைவில்லை. சேலம் கலெக்டராக 1820களில் இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் காபிப் பழம் சிவந்து நிற்பதைப் பார்த்த சேலத்துக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்ததும் செடி பூக்கும். மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, சில நாளில் உதிர்ந்துவிடும். மே மாதத்தில் போகிறவர்கள் பார்ப்பது சின்னப் பச்சைப் பிஞ்சைத்தான். அராபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். ஆக நவம்பரில்தான் கிளைக் கணுக்களில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு ஏறும்.

ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் சேர்ந்தே இருக்கும். கூலிக்கு வருகிற பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுப்பார்கள். காயைத் தொடமாட்டார்கள். அதனால் ஒரே செடிக்கு மறுபடி மறுபடி வர வேண்டியிருக்கும். பழத்தைப் பிதுக்கினால் வழவழப்பான சதைக்குள் இரண்டு கொட்டைகள், தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அந்தச் சதையை வாயில் வைத்தால் லேசான இனிப்பு. காபி வாசனை துளிகூட இருக்காது, அது வறுத்த பிறகு வருவது. களத்தில் காய்கிற கொட்டை மேல் மழை விழுந்தால் தரம் போய்விடும். அதனால் நாம் ரசிக்கிற இந்தத் தூறல் தோட்டக்காரருக்குக் கவலை. வானத்தைப் பார்த்துக்கொண்டே தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள்.

இதையெல்லாம் பார்க்க 32 கிலோமீட்டர் லூப் ரோடு போதும். நாகலூர், மஞ்சக்குட்டை என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு சுற்றி வருகிற சாலை. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், அதன் மேல் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காபி. ஆரஞ்சுப் பழமும் இந்தச் சமயத்தில்தான் வர ஆரம்பிக்கும். கடையில் அடுக்கி வைத்திருக்கிற வெளியூர் ஆரஞ்சு போல் பளபளக்காது. தோல் தொளதொளவென்று இருக்கும், புளிப்பும் தூக்கலாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். வேலி போட்ட தோட்டத்துக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம். சாலையோரத்தில் நின்றாலே எல்லாம் தெரியும், கேட்டால் பல இடங்களில் முகம் மலர்ந்து காட்டுவார்கள்.

தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் ஏற்காட்டில்தான் இருக்கிறது. பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

பஸ்ஸா, பைக்கா?

இந்தப் பருவத்தில் பஸ்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பனியில் எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டுமே தெரியும், சாலையில் ஈர இலை அப்பிக் கிடக்கும். மேலே காட்டெருமை நடமாட்டமும் உண்டு. பைக்கில் போனால் ஓட்டுகிறவருக்குச் சாலையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் ஏறுகிற ஒரு மணி நேரமே தனி அனுபவம். புழுக்கமாகப் புறப்பட்ட காற்று பாதி மலையில் சில்லென்று மாறுவதை முகமே சொல்லிவிடும். மேலே போனபின் லூப் ரோட்டுக்கு ஆட்டோ பேசிக்கொள்ளலாம். பெருமழையில் பாறை சரிந்து இந்தப் பாதையை மூடுவது உண்டு. அப்போது குப்பனூர் வழியாகத்தான் போக்குவரத்து. காலையில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

மேட்டூரா, மூக்கனேரியா?

மலை வேண்டாம், தண்ணீர் போதும் என்பவர்களுக்கு இந்த இரண்டும்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடித்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது, அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நூறடிக்கு மேல் இருந்தால் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். தண்ணீர் வெகுவாக இறங்கிய வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிப்போன கோவிலின் நந்தி வெளியே தெரியும். அது பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் டெல்டா விவசாயிகளை நினைத்தால் மனசு சந்தோஷப்படாது. அணைக்கட்டு முனியப்பன் கோவிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்துச் சொந்தபந்தத்தோடு சாப்பிடுவதும், மசாலா தடவிப் பொரித்த அணை மீனும் மேட்டூரின் பெரிய பலம். பத்துப் பேராகப் போவதற்கு ஏற்ற இடம். தனியாகவோ இருவராகவோ போனால், போக வரச் சாலையிலேயே பாதிப் பொழுது கரைந்துவிடும்.

மூக்கனேரி ஊருக்குள்ளேயே, கன்னங்குறிச்சியில் இருக்கிறது. சேர்வராயன் சரிவில் பெய்கிற மழைதான் இறங்கி வந்து இதை நிரப்புகிறது. குப்பையும் கழிவுமாகக் கிடந்த ஏரியை 2010ஐ ஒட்டி ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணையே நடுவில் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகள் பறவைகளுக்கு வீடு. காலை ஆறரை மணிக்குக் கரையில் நின்றால் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும், முக்குளிப்பான் இங்கே மூழ்கி அங்கே எழும். சேற்று நிறத்தில் கல்லோடு கல்லாகக் குந்தியிருக்கிற மடையான் சட்டென்று எழும்பும்போதுதான் அதன் சிறகு முழுக்க வெள்ளை என்று தெரியும். செலவு கிடையாது, எட்டரைக்கு வீடு திரும்பி வேலைக்கும் போகலாம். மேட்டூரைவிட இதற்குத்தான் என் ஓட்டு. வாரம் ஒருமுறை போக முடிகிற இடத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை போகிற இடம் ஈடாகாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உடையாப்பட்டி கந்தாஸ்ரமம். முருகனும் அம்மனும் எதிரெதிர் சன்னதியில் நிற்கிற கோவில். சுற்றிலும் பச்சை மலை, அலைச்சல் இல்லை.

சாயங்காலத்துக்கு

சினிமாவும் மாலும் எல்லா மாதத்துக்கும் இருக்கிறது. கார்த்திகைக் குளிருக்குத் தட்டுவடை செட்தான். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை என்று எந்தத் தெருவிலும் தள்ளுவண்டி நிற்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் மிளகாய்ப் பூண்டுக் காரச் சட்னி, மறு பக்கம் புதினா மல்லிச் சட்னி. முதல்முறை போகிறவர்கள் சாதா செட் வாங்குங்கள். தட்டுவடையை உடைத்துக் காயும் சட்னியும் போட்டுப் பிரட்டித் தருகிற நொறுக்கல் அடுத்த சுற்றுக்கு. மழைக்காலத்தில் பார்சல் மட்டும் வேண்டாம். வீடு போய்ச் சேருவதற்குள் நமத்துவிடும், வண்டி பக்கத்திலேயே நின்று சாப்பிட்டால்தான் அந்த மொறுமொறுப்பு.