டேங்கில் ஊற்றுவதா, கழற்றிக் கழுவுவதா? ஜிடிஐ இன்ஜெக்டருக்கு எது சரி

டர்போ பெட்ரோல் காரை நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டி சர்வீஸுக்கு விட்டால், "இன்ஜெக்டர் க்ளீனிங்கும் சேர்த்துடலாமா சார்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு பெயருக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: டேங்கில் மருந்து (பெட்ரோலில் கலக்கும் க்ளீனர்) ஊற்றுவது, வண்டியில் இருந்தபடியே சால்வென்ட் ஓட்டுவது, கழற்றி அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் கழுவும்) தொட்டியில் போடுவது. நான்காவது வழி, புதிதாக மாற்றுவது. செலவு மட்டுமல்ல, ஒவ்வொன்றும் போய்ச் சேரும் இடமே வேறு.

சாதாரண எம்பிஎஃப்ஐ இன்ஜினில் இன்ஜெக்டர் இன்டேக் பாதையில் உட்கார்ந்து, 3 அல்லது 4 பார் அழுத்தத்தில் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கும். ஜிடிஐ என்றால் டைரக்ட் இன்ஜெக்ஷன்: வென்யூ 1.0 டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, ஃபிராங்க்ஸ் 1.0 பூஸ்டர்ஜெட் போன்றவற்றில் இன்ஜெக்டரின் மூக்கு எரியும் அறைக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் 150, 200 பார் வரை போகும். சில புதிய இன்ஜின்களில் 350. தெளித்து முடித்ததும் நுனியில் ஒட்டிநிற்கும் கடைசி ஈரம் அந்தச் சூட்டில் வெந்து கரியாகிறது. துளை ஒவ்வொன்றும் தலைமுடி இரண்டு மூன்றைச் சேர்த்த தடிமன்தான். கொஞ்சம் கரி படிந்தாலும் தெளிப்பு கோணலாகிவிடும்.

இந்த நுனிக் கரிக்கு நான் முதலில் கை வைப்பது டேங்க் மருந்தில்தான். ஆனால் பாட்டிலில் பிஇஏ, அதாவது பாலிஈதர் அமீன், இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான பல மருந்துகளில் வெறும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான்தான் இருக்கும்; பழைய பிசினைக் கொஞ்சம் இளக்கும், வெந்து இறுகிய கரியை அசைக்காது. பிஇஏ அந்தச் சூட்டைத் தாங்கி நின்று வேலை செய்யும். பாட்டிலில் போட்ட அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஒரு டேங்கை நெடுஞ்சாலையில் தீர்ப்பது நல்லது. ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்காகப் பார்த்து ஊற்றுங்கள். மருந்தில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் தாண்டி ஆயிலில் கலக்கும், அந்த ஆயிலோடு அதுவும் வெளியே போய்விடும். 95, 100 ஆக்டேன் பெட்ரோலை இதற்கு மாற்றாக நினைப்பவர்கள் உண்டு. ஆக்டேன் எண் நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் நேரம் தப்பித் தானே வெடித்து எரிவதைத் தடுக்கும் திறன். சுத்தம் செய்வது அதில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட். இரண்டும் ஒன்றல்ல.

இந்த மருந்து எட்டாத இடம் ஒன்று உண்டு: இன்டேக் வால்வு. ஜிடிஐயில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து அடை தட்டும். அதை இன்டேக் மேனிஃபோல்டை (காற்று உள்ளே வரும் குழாய்த் தொகுதியை) கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சித்தான் எடுக்க வேண்டும். இதுவும் இன்ஜெக்டர் க்ளீனிங்கும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வண்டியில் வைத்தே சால்வென்ட் ஓட்டுவது: டேங்க் லைனைப் பிரித்து, கேனிலிருந்து அடர்த்தியான கரைசலைக் கொடுத்து, அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிடுவார்கள். எம்பிஎஃப்ஐயில் பலன் தெரியும். ஜிடிஐயில் ஹை பிரஷர் பம்புக்கு உயவு தருவதே பெட்ரோல்தான். கரைசல் டைரக்ட் இன்ஜெக்ஷனுக்கு ஏற்றதில்லையென்றால் பம்புக்குத்தான் ஆபத்து. நல்ல பிஇஏ பாட்டிலை விட இதற்கு ஏன் கூடுதல் பணம் தர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

கழற்றிக் கழுவுவதுதான் முழு வேலை. என் வண்டி அறுபதாயிரம் தாண்டியதும், காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிஷம் மிஸ்ஸிங் அடித்தது. இரண்டு டேங்க் மருந்துக்குப் பிறகு குறைந்தது, நிற்கவில்லை. கோவையில் ஒரு ஒர்க்ஷாப்பில் கழற்றினோம். மூன்றில் ஒன்றின் நுனியில் மட்டும் துளைகளைச் சுற்றிக் கறுப்பு வளையம், அடுப்பில் தீய்ந்த பால் போல. நான் நகத்தால் சுரண்டப் போனேன். "அண்ணா, அதைத் தொடாதீங்க. துளை விளிம்புல கீறல் விழுந்தா முடிஞ்சுது" என்றார் மெக்கானிக். கம்பி பிரஷுக்கும் அதே விதி.

அங்கேதான் டெஃப்லான் சீல் போடுவதை அருகிலிருந்து பார்த்தேன். கூம்பு மாதிரி ஒரு கருவியின் மேல் தள்ளி, வளையத்தை விரித்து நுனியின் பள்ளத்தில் இறக்குகிறார்கள். பிறகு உள்ளே குறுகிக்கொண்டே போகும் ஒரு உறையை அதன்மேல் திருகி, பழைய அளவுக்கு இறுக்குகிறார்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் இந்த சீல் புதிது. பழையதையே போட்டால் எரியும் வாயு கசிந்து சிலிண்டர் ஹெட்டையே கெடுக்கும். அதனால் ஒர்க்ஷாப்பில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, புது சீல் செட், அதைப் போடும் கருவி இரண்டும் இருக்கிறதா? இரண்டு, இன்ஜெக்டரின் தெளிப்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் ஜிடிஐக்கானதா? இந்த இன்ஜெக்டரைத் திறக்க இசியூ, அதாவது இன்ஜினின் கணினி, ஒரு கணத்துக்கு ஏறக்குறைய 65 வோல்ட் கொடுக்கிறது. எம்பிஎஃப்ஐ பெஞ்சில் 12 வோல்ட்டும் சில பார் அழுத்தமும் வைத்துச் சோதித்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, இன்ஜெக்டரின் காயிலும் போகலாம். இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்ஜெக்டரின் காயில் போனது, உள்ளே ஊசி தேய்ந்து சொட்டுவது, இவற்றைக் கழுவித் திருத்த முடியாது. மாற்றத்தான் வேண்டும். புதிதில் திருத்தக் குறியீடு (அந்த இன்ஜெக்டரின் தனி அளவைச் சொல்லும் எண்) இருந்தால் ஸ்கேனர் மூலம் இசியூவில் ஏற்றச் சொல்லுங்கள்.

சரி, எப்போது கழற்றுவது? ஒரே சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) என்றால் முதலில் அதன் ஸ்பார்க் ப்ளக்கையும் இக்னிஷன் காயிலையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் இன்ஜெக்டர் மேல் பழி இல்லை. நகரவில்லையென்றால் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது பெட்ரோல் அளவை இசியூ எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ப்ளஸ் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் இசியூ பெட்ரோல் போதவில்லை என்று கூட்டிக் கொடுக்கிறது. ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, ஆர்பிஎம் ஏறியதும் குறைந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். மிதிக்க மிதிக்கக் கூடினால் ஃப்யூயல் பம்ப் அழுத்தத்தையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். ட்ரிம் மைனஸில் போய், ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனையும் அடித்தால் இன்ஜெக்டர் சொட்டுகிறது என்று சந்தேகிக்கலாம்.

வீட்டில் கழற்றிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். வண்டியை நிறுத்திய பிறகும் ஃப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) அழுத்தம் நிற்கும்; முறைப்படி இறக்காமல் நட்டைத் தளர்த்தினால் பெட்ரோல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.