ரைசோபியமா, பிராடிரைசோபியமா?

உசிலம்பட்டிப் பக்கம் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் தழைச்சத்து பிடிக்கும் வேலை நடக்கிறது. அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா அங்கே பெரும்பாலும் பிராடிரைசோபியம் (சுருக்கமாக பிராடி), 1982-ல் ரைசோபியம் பேரினத்திலிருந்து தனிப் பேரினமாகப் பிரித்தது.

ஆய்வகத் தட்டில் ரைசோபியம் மூன்று நாளிலேயே கொழகொழவென்று படரும், அமிலம் விடுவதால் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி கலந்த வளர்ப்பு ஊடகம் மஞ்சளாகிவிடும். பிராடி ஒரு வாரம் வரை இழுத்து, ஊசிமுனைப் புள்ளிகளாக வந்து, ஊடகத்தை நீலமாக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மரபணுத்தொகுதி வேறுபாடுதான்: பீன்ஸ் வேரில் வாழும் ரைசோபியம் எட்லியில் ஆறு பிளாஸ்மிடுகள் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டி.என்.ஏ துண்டுகள்), முடிச்சு போடும் மரபணுக்கள் அவற்றில் ஒன்றில்தான், 2002-ல் மரபணுத்தொகுதியை வாசித்த சோயா பிராடியிலோ சுமார் 91 லட்சம் கார இணைகளும் (டி.என்.ஏ எழுத்து இணைகள்) ஒரே வளையக் குரோமோசோமில். அப்புறம், விதைநேர்த்திக்கு இந்த பாக்டீரியா கலவையை வாங்கும்போது உறையில் கடலைக்கு உரியதுதானா என்று பாருங்கள்.