சின்ன கணினி கட்டக் கொடுக்கிறீர்களா? ரைசரையும் கூலரையும் பெயர் போட்டு பில் வாங்குங்கள்

கோலாலம்பூரில் கடையில் சொல்லி ஐ.டி.எக்ஸ். என்கிற சின்ன மதர்போர்டு அளவில் ஒரு சின்ன டெஸ்க்டாப் கட்டப்போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டிலும் பிராசசரிலும் கடைக்காரர் லேசில் கை வைக்கமாட்டார். டப்பாவில் பெயர் இருக்கிறது, சீரியல் நம்பர் இருக்கிறது, விண்டோசைத் திறந்தாலே என்ன போட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கை வைப்பதெல்லாம் மூடி போட்டபின் யாரும் பார்க்காத இரண்டு சாமான்களில்தான்: கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு இணைக்கிற ரைசர் கேபிள், பிராசசரின் சூட்டைத் தணிக்கிற கூலர். எனக்கு இரண்டையும் மாற்றிவிட்டார்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். காலையில் முகூர்த்தம் முடிந்தால், இரவு விருந்தில் அதே நாள் வீடியோவைத் திரையில் ஓட்டியாக வேண்டும். அதற்குத்தான் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கணினி கேட்டேன். பெட்டி ஃபிராக்டல் டெர்ரா, 10.4 லிட்டர்தான் அதன் கொள்ளளவு. மதர்போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தகட்டுச் சுவர். கார்டு மதர்போர்டில் நேராக உட்கார முடியாது; சுவரைச் சுற்றி வளைந்து வருகிற ரைசர் கேபிள்தான் இரண்டையும் இணைக்கிறது. அந்தச் சுவரை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். கார்டுக்கு 72 மி.மீ. கொடுத்தால் கூலருக்கு 48 மி.மீ. மிஞ்சும், கார்டுக்கு 43 கொடுத்தால் கூலருக்கு 77. என் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 50 மி.மீ.க்குள் அடங்கியதால் கூலருக்கு 70 கிடைத்தது. 70 மி.மீ. உயரத்தில் நோக்டுவாவின் என்எச்-எல்12எஸ் இருக்கிறது. அதைத்தான் கேட்டேன். பெட்டியோடு பிசிஐஇ 4.0 ரைசர் (பிசிஐஇ என்பது கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்கிற இணைப்பு, 4.0 அதன் தலைமுறை) கூடவே வரும் என்பதால் அதற்குத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் வரி வரியாக எழுதிக் கேட்டேன். "எல்லாம் அதேதான்மா, கவலைப்படாதீங்க" என்று கடைக்காரர் பதில் போட்டார். பில் வந்தபோது அதில் "ரைசர் 1", "சிபியு கூலர் 1" என்றுதான் இருந்தது. "மாடல் பேர் போடலையே அண்ணே?" என்றதற்கு, சிஸ்டத்தில் அப்படித்தான் பதிவாகும் என்றார்.

கணினி வந்தது, ஓடியது, ஆனால் சத்தம் அதிகம். வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் ஏஎம்டியின் ரைசன் 7 7700 பிராசசர் விறுவிறுவென்று 95 டிகிரிக்கு ஏறி அங்கேயே நிற்கும். கடைக்கு போன் செய்தால், "ஏஎம்டியே 95 டிகிரி ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றாங்கம்மா" என்றார். அந்த பிராசசருக்கு 95 தாங்கும் எல்லைதான், அது உண்மை. ஆனால் எல்லையை எட்டியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 7700 ஒன்றும் பெரிய தீனி தின்கிற பிராசசர் இல்லை. டிடிபி, அதாவது கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டின் கணக்கு, 65 வாட்; முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். 70 மி.மீ. கூலர் அதைச் சமாளித்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் ஏர்கான் போடாத அறை பகலில் 32 டிகிரி இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் நான் அந்தக் கூலரைக் கேட்டது.

அப்புறம் மதர்போர்டின் பயாசுக்கு, அதாவது கணினியைத் தொடக்கி வைக்கிற அடிப்படை மென்பொருளுக்கு, அப்டேட் வந்தது, போட்டேன். அதிலிருந்து திரை அவ்வப்போது கறுத்துப்போக ஆரம்பித்தது. செந்தூலில் ஒரு மண்டபத்தில், பெண் வீட்டார் விருந்துக்கு உட்காரப் போகிற நேரம், எக்ஸ்போர்ட் பாதியில் திரை அணைந்தது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் அப்பா இரண்டு தடவை வந்து, "ரெடியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் உதவிக்கு வந்த தம்பியின் லேப்டாப்பில் பாதி நீளத்துக்கு வெட்டித்தான் ஓட்ட முடிந்தது. தாலி கட்டுகிற காட்சி இருந்தது. பெண்ணின் பாட்டி ஆசீர்வதிக்கிற இடம் போகவில்லை. அந்தக் குடும்பத்திடம் நான் சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைக் கொடுக்க முடியாமல் போனது இன்னும் எனக்கு ஆறவில்லை.

என் சித்தி மகன் சைபர்ஜெயாவில் ஐடி வேலையில் இருக்கிறான். வந்து உட்கார்ந்ததும், கணினியில் நடந்த பிழைகளைப் பதிந்து வைக்கிற விண்டோஸ் ஈவன்ட் வியூவரைத் திறந்தான். டபிள்யூஹெச்இஏ-லாகர், ஈவன்ட் 17 என்று மேலிருந்து கீழ்வரை ஒரே வரி; வன்பொருள் பிழையைச் சொல்கிற பதிவு அது. "அக்கா, இது கார்டு இல்ல, வழியிலதான் கோளாறு" என்றான். பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம்.

ரைசர் பெட்டியோடு வந்ததே இல்லை. ரிப்பன் மாதிரி தட்டைப் பட்டைகள், முனையில் ஒட்டியிருந்த லேபிளை உரித்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. கூலரோ பெயர் தெரியாத ஒன்று. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்: 47 மி.மீ. கூலரின் மின்விசிறிக்கும் ஓட்டை போட்ட பக்கத் தகட்டுக்கும் நடுவே 23 மி.மீ. வெற்றிடம். இந்த இடைவெளிதான் மோசம். மின்விசிறி வெளிக்காற்றை இழுக்காமல், தான் விட்ட சூட்டையே சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. குட்டைக் கூலர்தான் வைத்தாக வேண்டும் என்றால், அந்த இடைவெளியை ஃபோம் வளையம் வைத்து அடைக்க வேண்டும். அதைக்கூடச் செய்யவில்லை.

பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ஏன் கறுத்தது என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. ரைசர் கேபிளில் தான் எந்தத் தலைமுறை என்று சொல்கிற சிப் எதுவும் கிடையாது. மதர்போர்டும் கார்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, "இருவரும் 4.0, சரி, அந்த வேகத்தில் போகலாம்" என்று முடிவு செய்துவிடும். நடுவில் இருக்கிற கேபிள் தாங்குமா என்று அவற்றுக்குத் தெரியாது. பிசிஐஇ 3.0 ஒரு தடத்தில் (தரவு போகிற பாதைகளில் ஒன்றில்) நொடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர், 4.0 அதற்கு இருமடங்கு, 16. 3.0க்கு மட்டும் செய்த கேபிளில் அந்த வேகத்தில் சிக்னல் சிதையும். வேலை கூடும்போது பிழைகள் குவியும், திரை போகும். சில கணினிகளில் படமே வராது. அப்படியானால் முதலில் ஏன் ஓடியது? கடையிலேயே பயாசுக்குள் போய் கிராபிக்ஸ் ஸ்லாட்டை ஜென்3, அதாவது 3.0 வேகம், என்று பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். அப்டேட் போட்டதும் அந்த அமைப்பு அழிந்து ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டது. மறுபடி ஜென்3 என்று வைத்ததும் பிழை ஒன்றுகூட வரவில்லை. கேபிள் எது என்று தெரியாமல் யாரும் அந்த இடத்தில் கை வைக்கமாட்டார்கள். தெரிந்தே செய்தார்கள்.

கடைக்குப் போய் கேபிளை மேசைமேல் வைத்தேன். "3.0, 4.0ல வித்தியாசமே தெரியாதும்மா" என்றார். 16 தடமும் உள்ள 4070 மாதிரி கார்டில் விளையாட்டு வேகம் சில சதவீதம்தான் குறையும், அதை மறுக்கவில்லை. ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ கார்டுகளில் இருப்பதே 8 தடம்தான். அதையும் 3.0ல் ஓட்டினால், கார்டின் மெமரி நிறைந்து வழிகிற நேரத்தில் நன்றாகவே தெரியும். எப்படியிருந்தாலும் நான் காசு கொடுத்தது 4.0 ரைசர் உள்ள பெட்டிக்கு. அந்த ரைசர் எங்கே போனது என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லை. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்ததை விரலால் காட்டினார்.

அந்த வரிக்குப் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்தியாக வேண்டும். பில்லில் ஒரு வரி அச்சடித்து அந்த உரிமையைப் பறிக்க முடியாது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. நான் வாட்ஸ்அப் உரையாடல், பில், கேபிளின் படம், ஸ்கேல் வைத்த கூலரின் படம், ஈவன்ட் 17 பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து மனு கொடுத்தேன். விசாரணைக்கு முன்பே கடையிலிருந்து கூப்பிட்டு, 4.0 ரைசரையும் கூலருக்கு வாங்கிய பணத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

ரைசர் என்பது வெறும் ஒயர்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 பெட்டியை 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம், ரைசரின் சர்க்யூட் பலகையைப் பிடித்திருந்த திருகுகள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம். கார்டுக்கான மின்சாரத்தில் ஒரு பகுதி இந்த வழியாகத்தான் போகிறது. பெயர் உரித்த கேபிளை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே கடையில் கட்டி வாங்கியவர்கள் இன்றைக்கே பார்க்கலாம். கார்டின் விவரத்தைக் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருள் இலவசம். அதில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க அது 1.1 என்று காட்டும், பதறவேண்டாம். பக்கத்தில் இருக்கிற கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓட்டினால் உண்மையான எண் வரும். கார்டும் போர்டும் 4.0ஆக இருந்து அங்கே 3.0 என்று நின்றால், பயாசுக்குள் போய் ஜென்3 என்று பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் கடையில் காரணம் கேளுங்கள். கேபிளை மாற்றும்வரை அந்தப் பூட்டை எடுக்காதீர்கள். அது இருந்தால்தான் திரை கறுக்காமல் வேலை ஓடும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள், கூலரின் காலி டப்பாவையும் பெட்டியின் கையேட்டையும் கணினியோடு சேர்த்து வாங்கி வாருங்கள். மூடி போடுவதற்கு முன் உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் லோயாட் பிளாசாவில் வேறொரு கடையில்தான் கூலரை மாற்றினேன். மாடல் பெயர், உயரம் 70 மி.மீ., ரைசர் பெட்டியோடு வந்த 4.0 என்று பில்லில் எழுதித் தரும்படி கேட்டதும், அங்கே வேலை செய்கிற பையன் ஒரு வார்த்தை மறுக்காமல் எழுதிக் கொடுத்தான். எழுத முடியாது என்கிற கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.