ஓசியில் ஒரு மஸ்டாங்: டிசிஎஸ் வேர்ல்டின் டிஎஃப்-51டி எவ்வளவு நிஜம்?

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான விளையாட்டைக் கணினியில் இறக்கினால் காசில்லாமல் இரண்டு விமானங்கள் கூடவே வரும். ஒன்று சு-25டி என்ற ரஷ்யத் தாக்குதல் விமானம். இன்னொன்று டிஎஃப்-51டி, அதாவது இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்கச் சண்டை விமானமான மஸ்டாங், துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு. ஆறு துப்பாக்கிகளோடும் 1,880 தோட்டாக்களோடும் வேண்டுமென்றால் பி-51டி-யைத் தனியாக வாங்க வேண்டும். சாதாரண நாளில் சுமார் 50 டாலர், தள்ளுபடிக் காலத்தில் பாதி. 14 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் நிஜ மஸ்டாங் இப்படித்தான் பறக்குமா என்ற கேள்விக்குப் பதில் ஓசி விமானத்திலேயே கிடைத்துவிடும். விமானம் ஏறக்குறைய அசல்தான். அதில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் போலி.

அசல் என்று சொல்லக் காரணம் உண்டு. இதைச் செய்யும் ஈகிள் டைனமிக்ஸோடு சேர்ந்து நிற்பது தி ஃபைட்டர் கலெக்‌ஷன். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் போர்க்கால விமானங்களை இன்றும் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும் அமைப்பு அது. எஞ்சினை எழுப்பும்போதே அந்தப் பழக்கம் தெரியும். மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை லீவர்) ஐடில் கட்-ஆஃபில், அதாவது பெட்ரோல் நின்ற நிலையில், ப்ரொப்பெல்லர் லீவர் முழுக்க முன்னால், த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் லீவர்) ஓர் அங்குலம் திறந்து, பேட்டரி, பூஸ்டர் பம்ப், குளிர்ந்த எஞ்சினுக்கு மூன்று நான்கு நொடி ப்ரைமர் (முதல் பெட்ரோலைத் தெளிக்கும் சுவிட்ச்), பிறகு ஸ்டார்ட்டர், தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டும் ஆன். பற்றிக்கொண்டதும் மிக்ஸ்சரை ரன்னுக்குத் தள்ள வேண்டும். மறந்தால் நான்கு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். 1,300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வைத்து ஆயில் 40 டிகிரி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் 60 டிகிரி செல்சியஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதிக நேரம் தரையிலேயே நின்றால் கூலன்ட் 121 டிகிரி எல்லையை நோக்கி ஏறும். இடது விண்டோஸ் விசையோடு ஹோமை அழுத்தினால் எல்லாம் தானே நடக்கும்; முதல் வாரத்துக்கு அதைத் தொடாதீர்கள். விளையாட்டிலிருந்து நிஜத்துக்கு ஒரு மாற்றமும் இல்லாமல் எடுத்துப் போகக்கூடிய சரக்கு இந்த வரிசைமுறைதான்.

வித்தியாசம் தொடங்கும் இடம் ஓடுபாதை. ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை, பெடலால் அசைவது) ட்ரிம்மை, அதாவது அதன் பாரத்தைக் கழிக்கும் சக்கரத்தை, வலப்பக்கம் 6 டிகிரியில் வைத்து, ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்தால் வால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கையேடு சொல்லும் புறப்பாட்டு அளவு 3,000 ஆர்பிஎம், 61 அங்குல மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்). (இன்று பறக்கும் மஸ்டாங்குகளில் பலவும் 55 அங்குலத்தோடு நின்றுவிடுகின்றன, அந்தக் காலத்துப் பெட்ரோல் இப்போது கிடைப்பதில்லை.) த்ராட்டில் முன்னே போகப் போக மூக்கு இடப்பக்கம் ஓடும். ப்ரொப்பெல்லர் காற்று சுருண்டு வந்து வால் துடுப்பின் இடப்புறத்தில் மோதும். வால் தரையில் இருக்கும்வரை, கீழிறங்கும் வலப்பக்கப் பட்டை மேலேறும் பட்டையைவிட அதிகம் இழுக்கும். எஞ்சின் முறுக்கு இடது சக்கரத்தைத் தரையில் அழுத்தும். இது போதாதென்று வாலைத் தூக்கும் நொடியில் சுழலும் ப்ரொப்பெல்லர் பம்பரம்போலக் கைரோஸ்கோப்பாகி இன்னொரு வெட்டு வெட்டும், அதுவும் இடப்பக்கம்தான்.

இத்தனையும் விளையாட்டில் உண்டு. ஆனால் நிஜத்தில் மூக்கு நகரத் தொடங்கும்போதே இடுப்புக்குத் தெரியும், கால் தானே போகும். மேசை முன் உட்கார்ந்தவருக்கு இடுப்பு எதுவும் சொல்லாது. மூக்கு நகர்ந்ததைக் கண் பார்த்த பிறகுதான் கால் கிளம்பும். அந்தத் தாமதத்தில் விமானம் போய்விடும். பயந்து பெடலைக் கூடுதலாக மிதித்தால் வலப்பக்கம் பாயும். பிறகு பாம்புதான், கடைசியில் இறக்கை நுனி தரையில். ஆகவே மேசை விமானி கொஞ்சம் முன்கூட்டியே நடக்க வேண்டும். த்ராட்டிலைத் திறக்குமுன் வலது பெடலைச் சற்று மிதித்து வையுங்கள். 61 அங்குலத்துக்குப் போக ஏழெட்டு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். பெடலை அமுக்கிப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடுங்கள். வாலை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். ஸ்டிக் முன்னே போனால் வால் சக்கரப் பூட்டும் விட்டுவிடும். ஸ்பெஷல் ஆப்ஷன்ஸில் டேக்ஆஃப் அசிஸ்டன்ஸ் என்ற ஒரு ஸ்லைடர் இருக்கும். அதைப் பூஜ்யத்துக்கு இறக்காதவரை ஓட்டுவது நீங்கள் மட்டும் அல்ல.

மேலே போன பிறகு கைதான் ஏமாறும். மஸ்டாங்கின் ஸ்டிக் கம்பிகள் வழியாக நேராக இறக்கை, வால் பலகைகளோடு இணைந்தது. ஹைட்ராலிக் உதவி கிடையாது. வேகம் ஏற ஏறக் கனக்கும். டைவில் இரண்டு கையும் வேண்டியிருக்கும். மேசை ஸ்டிக்கில் இருப்பது ஒரே ஸ்ப்ரிங். 120 மைலிலும் 400 மைலிலும் அதே எதிர்ப்பு. ட்ரிம்மும் இதனாலேயே தலைகீழாகிவிடுகிறது. நிஜத்தில் கையில் ஏறும் பாரத்தை ட்ரிம் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் கழிப்பார்கள். ஸ்டிக் இருந்த இடத்திலேயே இருக்கும். விளையாட்டில் பாரமே தெரியாததால் பலர் ட்ரிம்மைத் தொடுவதில்லை, அரை மணி நேரம் ஸ்ப்ரிங்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஸ்டிக் நீளமும் ஒரு விஷயம். மேசை ஸ்டிக் குட்டையானது என்பதால் மில்லிமீட்டர் அசைவுக்கே மூக்கு துள்ளும். அமைப்புகளில் உள்ள ஆக்ஸிஸ் ட்யூனில் பிட்ச் (மூக்கு மேல்-கீழ்), ரோல் (இறக்கைச் சாய்வு) இரண்டுக்கும் கர்வேச்சர் 15 முதல் 20 வரை வையுங்கள், நடுவில் அசைவு மென்மையாகும். டெட்ஸோன் (அசைத்தாலும் எதுவும் நடக்காத நடுப்பகுதி) வேண்டாம். ரைட் கன்ட்ரோலோடு என்டரை அழுத்தினால் ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் சிறு கட்டம் வரும். கைக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டும் ஊன்றுகோல் அது.

எரிபொருள் விஷயத்தில் மட்டும் விளையாட்டு கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. இறக்கைக்கு 92 கேலன் வீதம் 184, விமானியின் முதுகுக்குப் பின்னால் 85, மொத்தம் 269. அந்தப் பின்தொட்டி நிரம்பியிருந்தால் எடை மையம் பின்னே போய், திருப்பத்தில் ஸ்டிக்கை இழுக்க இழுக்க அது தானே உள்ளே வரத் தொடங்கும். நிஜக் கையேடும் இதை எச்சரிக்கிறது. நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு போய்ச் சண்டையில் சுழன்று விழுந்துவிட்டு விமானம் சரியில்லை என்பவர்களுக்கு ஒரே பதில்: 68 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பின்தொட்டி காலியாக இருக்கும்.

அடுத்தது கண். 1,920 பிக்சல் அகலத் திரையில் 90 டிகிரிக் காட்சியை விரித்தால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 3 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட்). நல்ல கண் 1 ஆர்க்மினிட்டைப் பிரித்துப் பார்க்கும். 11.28 மீட்டர் இறக்கை கொண்ட மஸ்டாங் 5 கிலோமீட்டரில் 8 ஆர்க்மினிட்கூட இல்லை, அதாவது திரையில் இரண்டு மூன்று பிக்சல். ஆக, ஸூம் செய்வது ஏமாற்று வேலை அல்ல. திரை பிடுங்கிக்கொண்டதைத் திரும்ப வாங்குவதுதான். பின்னால் பார்ப்பதில் கணக்கு மாறுகிறது. தலை அசைவைப் படிக்கும் கருவியில் 15 டிகிரி திரும்பினால் திரையில் 150 டிகிரி சுழலும், கழுத்துக்கு நோவில்லை. நிஜத்தில் 5 ஜி திருப்பத்தில், அதாவது எடை ஐந்து மடங்காகும் திருப்பத்தில், 5 கிலோ தலை 25 கிலோ. அதைத் தோளுக்கு மேல் திருப்பி வாலைப் பார்க்க வேண்டும்.

ஜி-யைத் திரை இருட்டாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். உடம்பு கனப்பதும் மூச்சை முக்கிப் பிடிப்பதும் கால் மரப்பதும் கிடையாது. அதனால்தான் ஆன்லைன் சண்டைகளில் பத்து நிமிடம் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிஜத்தில் அப்படி இழுத்தவர் மூன்றாவது சுற்றிலேயே களைத்துப்போவார். ஓரம் மங்கத் தொடங்கியதுமே ஸ்டிக்கைத் தளர்த்தும் பழக்கம் வந்தால், நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். மஸ்டாங்கின் இறக்கை ஜி ஏற்றிய ஸ்டாலில் (இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும்போது) அதிக முன்னறிவிப்பு தராமல் சட்டென்று புரளும். அதற்கு முன் வரும் மெல்லிய அதிர்வு நிஜத்தில் இருக்கை வழியாக வரும், இங்கே முக்கியமாக ஒலியாகத்தான் வரும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஓட்டுவது பாதிக் குருடாக ஓட்டுவது. நாற்காலியின் அடியில் திருகும் பேஸ் ஷேக்கர் (தாழ்ந்த ஒலியை அதிர்வாக்கும் கருவி) ஒன்று இருந்தால் நல்லது.

இன்னும் ஓர் இடத்தில் விளையாட்டு நிஜத்தைவிட எளிது: மேகத்துக்குள். அங்கே நிஜ விமானியின் காது, அதாவது காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு, பொய் சொல்லும். நேராகப் போகும்போதே சாய்ந்திருப்பதுபோலத் தோன்றும், வேகம் கூடினால் மூக்கு உயர்வதுபோலத் தோன்றும். மேசையில் காதுக்கு வேலை இல்லாததால் கருவியைப் பார்த்து ஓட்டுவது சுலபம். அந்தச் சுலபமே பிறகு வினையாகிறது. சிமுலேட்டரில் பழகியவர்கள் பறக்கும் பள்ளிக்குப் போனால் கண்ணை வெளியே வைக்காமல் டயல்களையே வெறிப்பார்கள். பயிற்சியாளர் காகிதத்தால் டயலை மூட வேண்டியிருக்கும்.

காசு எங்கே போடுவது? முதலில் பெடல். ஸ்டிக்கைத் திருகி ரட்டர் போடும் முறை மஸ்டாங்குக்கு ஆகாது. திருகும்போது ஏலிரானும் (இறக்கையைச் சாய்க்கும் பலகை) கூடவே அசையும். அடுத்து ஹால் சென்சார் (காந்தத்தால் நிலையை அறியும் உணரி) வைத்த ஸ்டிக். உராய்ந்து இயங்கும் பொட்டென்ஷியோமீட்டர் வகை தேய்ந்தால் மூக்கு தானாக நடுங்கும். விஆர் கண்ணாடி மூன்றாவது; தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பது அதில்தான் சரியாகத் தெரியும், தரையிறக்கத்தில் துள்ளுவது உடனே குறையும். கணினியில் 32 ஜிபி ராமும் தாராளமான எஸ்எஸ்டி இடமும் இல்லையென்றால் அதற்கே முதல் செலவு. பி-51டி கடைசி. நிஜத்தைத்தான் தொட வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஸ்டாலியன் 51 நிறுவனம் இரட்டைக் கட்டுப்பாட்டு மஸ்டாங்கில் பறக்க விடுகிறது, ஆயிரக்கணக்கான டாலருக்கு.

அதற்கு முன் ஓசி விமானத்தில் ஒன்று செய்து பாருங்கள். 2,000 மீட்டர் (சுமார் 6,500 அடி) உயரம், சக்கரம் கீழே, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) முழுக்க, வேகம் 110 மைல்: தரையிறங்கப் போகும் அதே நிலை. இப்போது த்ராட்டிலை ஒரே தள்ளாக 61 அங்குலத்துக்குத் தள்ளுங்கள். இடது இறக்கை கவிழ்ந்துகொண்டு போகும். ஸ்டிக்கை வலப்பக்கம் முழுக்கத் தள்ளினாலும் நிற்காமல் போகலாம். உயரமானியில் எத்தனை அடி போயிற்று என்று பாருங்கள். அதே நிலைக்குத் திரும்பி, இந்தமுறை ஐந்து நொடியில், வலது பெடலோடு சேர்த்துத் தள்ளுங்கள்.