கரப்பான் காலும் ஒரு சின்னப் பெட்டியும்

பதினோராம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்த உதவட்டும் என்று ஆன்லைனில் நரம்பில் ஓடும் மின்துடிப்பை ஒலியாகக் கேட்கவைக்கும் இந்த நரம்புத் துடிப்புப் பெட்டியை வாங்கினேன். உள்ளங்கை அளவுதான். ஐஸ் தண்ணீரில் மயங்கிய கரப்பானின் ஒரு காலை எடுத்து, இரண்டு ஊசி குத்தி, ஸ்பீக்கரைப் போட்டால் முதலில் வெறும் இரைச்சல். காலிலுள்ள முள்ளைப் பல்குச்சியால் தொட்டதும் தகரக் கூரையில் மழைத்துளி விழுவது மாதிரி 'பட் பட்'!

இன்னும் அழுத்தினால் துடிப்பு பெரிதாவதில்லை, நெருக்கமாக வருகிறது. 1926இல் நரம்பு ஆய்வாளர்களான ஏட்ரியனும் சோட்டர்மனும் தவளைத் தசையிலிருந்து வரும் ஒற்றை நரம்பிழையில் கண்டது இதைத்தான். தூண்டலின் வலிமையை நரம்பு, துடிப்புகளின் எண்ணிக்கையில்தான் சொல்கிறது. அழுத்தியபடியே வைத்திருந்தால் துடிப்பு குறைந்துவிடும். "சார், அதுக்குப் பழகிடுச்சா?" என்றான் ஒரு பையன். அந்தக் கேள்விக்கே கொடுத்த காசு சரியாப்போச்சு.

குறையும் உண்டு. திரையில் துடிப்புகள் வெவ்வேறு உயரத்தில் தெரிந்து பிள்ளைகள் குழம்பினார்கள். ஊசி பல நரம்புகளை ஒரே நேரத்தில் பிடிப்பதால் வரும் வித்தியாசம் அது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம், டியூப்லைட்டை அணைக்காவிட்டால் 'ம்ம்ம்' என்ற உறுமல்தான் கேட்கும். பேட்டரியும் தனியாக வாங்கணும்.